திராட்சைப் பந்தலுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது

பெரம்பலூர், அரியலூர் பகுதி விவசாயிகள் வெளி மாவட்டத் தோட்டங்களைப் பார்த்து வருவது நல்ல வழக்கம். அரசுத் துறைகளின் கண்டுணர்வுச் சுற்றுலாவில் போகிறவர்களும் உண்டு. நாலைந்து பேர் பணம் போட்டு வேன் வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அப்படிப் போகிறவர்களின் மனத்தை எளிதில் மயக்கிவிடும் இடம் ஒன்று இருக்குமானால் அது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குதான்.

மயங்குவதில் தவறில்லை. மேற்கே மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று ஊருக்கு ஊர் திராட்சைப் பந்தல். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கம்பி வலை. அதன் மேல் கொடி. கீழே கருநீலக் குலைகள். வெயில் காலத்திலும் பந்தலுக்குள் நுழைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் வெயிலில் நின்று பழகிய ஒருவருக்கு, ஒரே ஏக்கரில் கணவனும் மனைவியும் நிழலில் நின்று வேலை செய்து ஆண்டு முழுவதும் காசு பார்க்கும் விவசாயம் இருக்கிறதே என்று தோன்றுவது இயல்பு. அவர் கேட்கும் முதல் கேள்வி, "கிலோ என்ன விலைக்குப் போகுதுங்க?" என்பது. இரண்டாவது கேள்வி, "குச்சி கிடைக்குமா?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது இருக்கைக்கு அடியில் ஒரு கட்டு வெட்டுக்குச்சி வந்து சேருகிறது. கம்பத்திலிருந்து நம் விவசாயி கொண்டுவர வேண்டியது குச்சி அல்ல. அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கையும் நாட்காட்டியையும் கொண்டுவர வேண்டும். குச்சி இலவசமாகக்கூடக் கிடைத்துவிடும். அதை நட்டுவிட்டால் வரும் செலவு இலவசம் அல்ல.

கம்பத்தில் விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். 1832ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு இடங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கோ ஆண்டின் எந்த மாதத்தில் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் வெட்டு நடந்துகொண்டிருக்கும். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இத்தனை காலப் பழக்கமும், பக்கத்திலேயே யோசனை சொல்ல ஆளும், தோட்டத்துக்கே வந்து விலை பேசும் வியாபாரியும் உள்ள ஊர் அது.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து இறங்குவது இந்தப் பள்ளத்தாக்கில்தான். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீரை நம்பி இருபோக நெல் விளையும் பரப்பு மட்டும் 14,707 ஏக்கர். ஆறும் வாய்க்காலும் நெல் வயலும் சூழ்ந்த நிலத்தில் கிணற்றுக்கு ஊற்று இருப்பதில் வியப்பில்லை. பந்தலின் கீழ் நின்று குலையை அண்ணாந்து பார்க்கிறவர்கள், ஒரு நிமிடம் கிணற்றடிக்கும் போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.

நமக்கும் மேற்கே பச்சைமலை இருக்கிறது. மயிலூற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் கொட்டுகிறது. கல்லாறும் மருதையாறும் மழை பெய்தால் ஓடும். ஆனால் நம் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து முடிந்துவிடுகிறது. பிறகு ஏரியில் நிற்கும் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும்தான். மாசி கழிந்தால் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது அவரவர் கிணற்றுக்காரருக்குத் தெரியும்.

இதைத் திராட்சையின் நாட்காட்டியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திராட்சை தானாகக் காய்ப்பதில்லை. கவாத்து செய்தால்தான் புதுத்தளிர் விட்டுப் பூக்கும். கவாத்திலிருந்து காய் வெட்டு வரை பன்னீர் திராட்சைக்கு ஏறக்குறைய நான்கு மாதம். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் பருவங்கள் இரண்டு. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்வது ஒன்று. மே, ஜூனில் கவாத்து செய்து ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடை செய்வது மற்றொன்று. பூவிலும் பழத்திலும் அடைமழை விழக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பூவில் மழை பட்டால் பிஞ்சு பிடிக்காது. பழுக்கும்போது பட்டால் பழம் வெடித்து அழுகும். நம் பக்கத்தில் ஐப்பசி மழையை விலக்க வேண்டுமானால் இந்த இரண்டு பருவங்களை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் முதல் பருவத்தில் காய் பருக்கும் காலம் மாசியும் பங்குனியும். அதாவது கிணறு இறங்கிக்கொண்டே போகும் காலம். இரண்டாவது பருவத்தில் கவாத்து செய்து தளிர் விடும் நேரம் வைகாசி. கிணறு மிகவும் கீழே போய்விட்ட காலம். மழையிலிருந்து தப்பினால் வறட்சியில் மாட்டிக்கொள்கிறோம். வெங்காயமோ மக்காச்சோளமோ என்றால் தண்ணீர் இல்லாத போகத்தில் நிலத்தைச் சும்மா போட்டுவிடலாம். கொடியைச் சும்மா போட முடியாது. காய் இல்லாவிட்டாலும் அதற்குத் தண்ணீர் வேண்டும்.

பந்தல் கணக்கை யாரும் கேட்பதில்லை. கல்தூண், ஓரத்து இழுவைக் கம்பி, குறுக்குக் கம்பி, ஊன்றும் கூலி எல்லாம் சேர்ந்து ஏக்கருக்குச் சில லட்சம் ஆகிவிடும். நட்டு முதல் காய் பார்க்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. ஒருவர் பந்தலுக்காக 3 லட்சம் ரூபாயை நூற்றுக்கு 12 வட்டியில் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் குலையைக் கண்ணால் பார்ப்பதற்குள் வட்டி மட்டும் 54,000 ரூபாய். அந்த ஒன்றரை ஆண்டில் அந்த நிலத்தில் எடுத்திருக்கக்கூடிய வெங்காயத்தையும் பருத்தியையும் இதில் சேர்க்கவில்லை. நன்றாகப் பராமரித்தால் பன்னீர் திராட்சை ஆண்டுக்கு எக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன் தரும் என்று வேளாண் நூல்கள் சொல்கின்றன. சரிதான். ஆனால் "நன்றாகப் பராமரித்தால்" என்ற இரண்டு சொல்லுக்குள் எத்தனை ஆள், எத்தனை மருந்து, எத்தனை ராத்திரி என்பதை அந்த ஒரு ஏக்கர் குடும்பத்தைக் கேட்டால்தான் தெரியும்.

அங்கே கணவன் மனைவியோடு பெரியவர்களும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் பந்தலுக்குள் நிற்பதைப் பார்க்கலாம். பக்க இளங்கிளையைக் கிள்ளுவது, பற்றுக்கம்பியை அகற்றுவது, தளிரைக் கம்பியில் பரப்பிக் கட்டுவது, குலையில் சொத்தைப் பழத்தைக் களைவது என்று கையோயாத வேலை. கூலிக்கு ஆள் வைத்தே செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் திராட்சைப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

நிலத்தையும் பார்க்க வேண்டும். திராட்சைக்கு ஒரு மீட்டர் ஆழம் வரை வேர் இறங்கக்கூடிய, தண்ணீர் தேங்காத, வளமான மண் தேவை; கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருந்தால் நல்லது. பெரம்பலூரின் கரிசல் மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்திக்கு அது வரம். திராட்சை வேருக்கு அது மூச்சுத் திணறல். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு நிலத்தில் இன்னொரு தொல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கொடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகிவிடும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரி நிற்கும் செம்மண்ணில் வடிகால் நன்றாக இருக்கும். அங்கு தண்ணீர்தான் கேள்வி. மண்ணைப் பரிசோதிக்காமல் குழி தோண்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போன்றது.

நோயைப் பற்றி ஒரு செய்தி. அடிச்சாம்பல் நோய் திராட்சைக்குப் பெரிய எதிரி. ஈரமும் மூட்டமும் உள்ள நாட்களில் இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்து, சில நாட்களிலேயே தோட்டத்தைக் காலி செய்துவிடும். இதற்கு மருந்து கண்டுபிடித்த கதை ருசிகரமானது. பிரான்சு நாட்டில் போர்டோ பகுதியில், சாலையோரம் போகிறவர்கள் திராட்சையைப் பறித்துத் தின்னாமலிருக்க, தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து ஓரத்துக் கொடிகளில் தெளித்து வைப்பார்கள். அந்த ஓரத்துக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை 1882இல் மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். அதுதான் இன்றைய போர்டோ கலவை. திருடனுக்குப் போட்ட வேலி உழவனுக்கு மருந்தாயிற்று.

நூற்றுக்கு ஒன்று வீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, புதிதாகச் சுட்ட கல்சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் மயில்துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். அரியலூர்ச் சீமையில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. மயில்துத்தத்துக்குத்தான் கடைக்குப் போக வேண்டும். ஆனால் இது நோய் வருமுன் காக்கும் மருந்து. வந்தபின் ஓடுகிறவர்கள் விலை உயர்ந்த மருந்துகளைத் தேடி ஓட வேண்டியிருக்கும். மூட்டம் போடும் ஒவ்வொரு நாளும் தோட்டக்காரருக்குத் தூக்கமில்லாத நாள்.

கம்பத்துக்காரர்களுக்கும் எல்லாம் பாலும் தேனுமாக இல்லை. பன்னீர் திராட்சை தோல் மெல்லியது. வெட்டினால் உடனே விற்றாக வேண்டும். மராட்டிய மாநிலத்து விதையில்லாத் திராட்சை ஜனவரி முதல் ஏப்ரல் வரை சந்தைகளில் குவியும்போதும், பின்னாலேயே மாம்பழம் வரும்போதும் விலை சரிகிறது. குளிர்பதனக் கிடங்கும் பழச்சாறு ஆலையும் வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். கோவைக்கு மேற்கே தீத்திபாளையம் பக்கத்திலும், திண்டுக்கல் அருகே சிறுமலை அடிவாரத்து வெள்ளோட்டிலும் திராட்சைக்குப் பேர்போன தோட்டங்கள் இருந்தன. அங்கெல்லாம் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. பழகிய கைகளே விட்டுவிட்ட இடங்களும் உண்டு என்பதைச் சுற்றுலா வேனில் யாராவது சொல்ல வேண்டும்.

அப்படியானால் போவதே வீணா என்றால், இல்லை. கட்டாயம் போக வேண்டும். கம்பத்து ஒரு ஏக்கர் குடும்பத்திடம் கற்றுக்கொள்ள ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அவர்கள் விதைக்கும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவதில்லை. விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும். அந்தக் கூட்டத்துக்கு விற்க நினைப்பவர் நான்கு மாதம் பின்னால் எண்ணி ஆடியில் கவாத்துக் கத்தியை எடுக்க வேண்டும். மழைக்குத் துணிய வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் வேறு மாதத்தைப் பிடிக்கிறார். இப்படி ஆளுக்கொரு நாளில் கவாத்து செய்வதால்தான் ஆண்டு முழுவதும் பழம் வருகிறது. தினமும் பழம் வருவதால்தான் வியாபாரி தினமும் வருகிறார்.

நம் சின்ன வெங்காயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலத்தூர், செட்டிகுளம் பக்கம் ஒரே சமயத்தில் ஊரே நடுகிறது. ஒரே சமயத்தில் ஊரே பிடுங்குகிறது. விலை விழுந்ததும் பட்டறையில் அடைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அங்கே அழுகலில் ஒரு பங்கு போய்விடுகிறது. எல்லோரும் ஒரே பருவத்தில் நட்டால் கோழிக்கால் நோயும் ஒரே சமயத்தில் ஊர் முழுக்கப் பரவ வாய்ப்பாகிறது. மானாவாரிக்காரர் மழை பெய்த நாளில்தான் விதைக்க முடியும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கிணறு உள்ளவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து, "நீங்க இந்த வாரம் நடுங்க மாமா, நான் இன்னும் பதினைந்து நாள் கழிச்சு நடறேன்" என்று முறை வைத்துக்கொள்ள எந்தத் திட்டமும் மானியமும் தேவையில்லை. கம்பத்திலிருந்து இந்த ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாலே வேன் வாடகை தேறிவிடும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும், நல்ல ஊற்றுக் கிணறும் வடிகால் நிலமும் வீட்டில் ஆட்களும் உள்ள ஒருவர் திராட்சை போட்டே தீருவேன் என்றால், அவரைத் தடுக்க வேண்டியதில்லை. பத்து சென்ட்டில் தொடங்கட்டும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 670 கொடி பிடிக்கும்; பத்து சென்ட்டுக்கு 67. ஒரு குடும்பம் கூலியில்லாமல் கவனிக்கக்கூடிய அளவு அது. அதிலும் முதல் ஓரிரு ஆண்டு அந்தப் பந்தலில் பாகல், புடல், பீர்க்கு ஏற்றிப் பார்ப்பது உத்தமம். பந்தல் காய்கறிக்குப் பங்குனியில் தண்ணீர் தாங்குகிறதா என்பது தெரிந்துவிடும். தாங்கவில்லை என்றால் பந்தல் காய்கறிக்கே நிற்கும், நஷ்டம் பெரிதாக இராது. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களில் மண்ணைக் காட்டி யோசனை கேட்கலாம். பந்தலுக்கு மானியம் உண்டா, எவ்வளவு என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுத்தான் கல்தூணுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

விற்பனைக்கு நமக்கு ஒரு வசதி உண்டு. கம்பத்துப் பழம் இங்கு வந்து சேர வண்டியில் ஒரு ராத்திரி குலுங்க வேண்டும். காலையில் வெட்டிய பழத்தைக் காலையிலேயே பெரம்பலூரிலோ அரியலூரிலோ விற்கிறவருக்கு அந்தச் சேதம் இல்லை. திருச்சி சென்னை நெடுஞ்சாலையில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் நாட்களில் எத்தனை வண்டி நிற்கிறது என்பது ஊரறிந்தது. 67 கொடியின் பழத்துக்கு அந்தக் கூட்டம் தாராளம். 670 கொடிக்குப் போதாது.

போகிறவர்கள் பழம் தொங்கும் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக்கூடாது. ஊர்க்காரரிடம் சொல்லி, கவாத்து நடக்கும் தோட்டம் ஒன்றையும், மருந்து தெளிக்கும் தோட்டம் ஒன்றையும், பந்தலைப் பிரித்துவிட்டு வேறு பயிருக்கு மாறியவர் ஒருவர் இருந்தால் அவரையும் பார்க்க வேண்டும். அவரிடம் ஏன் பிரித்தார் என்று கேட்க வேண்டும். தோட்டக்காரர் கணக்கு நோட்டு வைத்திருந்தால், சென்ற ஆண்டு மருந்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, எந்த மாதம் என்ன விலை என்று குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் உள்ள பெண்களையும் அழைத்துப் போவது நல்லது. பந்தலுக்குள் பாதி வேலை அவர்கள் தலையில்தான் விழப்போகிறது. அந்த வீட்டம்மா இவர்களிடம் சொல்வதை ஆண்களிடம் சொல்லமாட்டார். திரும்பும்போது ஐந்து கிலோ பழம் வாங்கி வரலாம். பெரம்பலூரில் இறங்கிப் பையைத் திறந்து, அடியில் எத்தனை பழம் நசுங்கிச் சாறு விட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.